இருபத்தாறு டிகிரி

மக்டலீன் சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோல்ட் றூம் வாசலிலேயே நின்றாள். உள்ளே ஒரு கால் வைத்தாலும் காலையில் சொன்ன செபமெல்லாம் வீணாய்ப் போய்விடும் என்பதுபோல நின்றாள்.

"இருபத்தாறு!" உள்ளேயிருந்து கத்தினார் அவளுடைய கணவர் கிளிபோட். "காலமை வேலைக்குப் போகேக்க பதினெட்டு. இப்ப இருபத்தாறு! ஆர் இதைத் தொட்டது?"

"தவக்காலத்தில சாராயம் காய்ச்சினா உப்பிடித்தான் நடக்கும்."

"சாராயமில்லையப்பா, பியர்!"

"ரெண்டும் ஒண்டுதான்" என்றுவிட்டு அவள் மேலே ஏறிப் போய்விட்டாள்.

வீட்டின் முன்படிக்குக் கீழே, பேஸ்மென்டை ஒட்டியிருந்த அந்தச் சின்னக் குளிரறையில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இருபது லீட்டர் பியர் நொதித்துக்கொண்டிருந்தது. ஈஸ்ற் போட்டு இரண்டு நாள்தான். இந்த முதல் நாட்களில் சூடு பதினெட்டில், மிஞ்சினால் இருபதில் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் பியரில் பழ வாசம் பிடித்துவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் போகாது.

நத்தாருக்குக் காய்ச்சியது அப்படித்தான் கெட்டது. மக்டலீனின் தமையன் றிச்சர்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், இது பியரோ, வாழைப்பழ ஜூஸோ?" என்று விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார். சபையே சிரித்தது. கிளிபோட்டுக்கு முகம் செத்துப்போனது.

மிஞ்சிய ஐம்பது போத்தலையும் சிங்குக்குள் ஊற்றச் சொல்லிவிட்டார். ஒரேயடியாக ஊற்றினால் வீடே நாறும் என்று முணுமுணுத்தபடி, மக்டலீன் நாளுக்கு ஒன்றாகக் காலி பண்ணிக் கழுவிக் கவிழ்த்தாள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள் கடைசிப் போத்தலும் கழுவி முடிந்தது.

இப்போது உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு அதே றிச்சர்ட் வருகிறார். அவருடைய வாயை அடைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை. இந்த வாளியும் பழுதானால் சாமான் எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிடுவது என்று கிளிபோட் முடிவெடுத்திருந்தார்.

மறுநாள் காலை வாளியைப் பெரிய தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, சுற்றிவர ஐஸ் போத்தல்களை மிதக்கவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் வந்து பார்த்தால் மறுபடியும் இருபத்தாறு. ஐஸ் போத்தல்களைக் காணவில்லை!

கிளிபோட்டுக்கு உச்சந்தலைவரை ஏறியது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த லெஸ்லியின் கதவைப் போய்த் தட்டினார். குளிர் தாங்காத பிறவி அவன், ஹீற்றைக் கூட்டச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறவன். வேறு யார் செய்திருப்பார்கள்?

"தம்பி, உண்மையைச் சொல்லும். என்ர வாளிக்குப் பக்கத்தில ஹீற்றரைக் கொண்டுபோய் வைச்சனீரோ?"

லெஸ்லி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "எனக்கே சூடு காணாதெண்டு கத்துறன். இதில உங்கட வாளிக்கு நான் சூடு பிடிக்கிறனோ? உப்பிடிச் சந்தேகப்பட்டா நான் வேற இடம் பாக்கிறன், அண்ணை."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. பியரும் போய், குடியிருந்தவனும் போகப் போகிறான் என்று கிளிபோட் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனாலும் விட மனமில்லை. புதிய ஐஸ் போட்டு, வாளியைத் துடைத்து, இரண்டு தரம் சூடு பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

அடுத்த நாள் வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லி, மத்தியானமே வேலையால் இறங்கினார். காரைத் தெருமுனையில் விட்டார். திருடன்போலத் தன் வீட்டுக்குள் தானே பதுங்கி நுழைந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கோல்ட் றூம் கதவு திறந்து கிடந்தது.

வாளி தொட்டிக்கு வெளியே, அவர்களுடைய கட்டில் போர்வையால் கழுத்துவரை போர்த்தப்பட்டு இருந்தது. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மக்டலீன், சுடுதண்ணீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் பக்குவமாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீரோ!"

சப்பாத்து கையிலிருந்து விழுந்தது. கிளிபோட்டுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னில என்ன கோவம் உமக்கு? உம்மட அண்ணற்ற முன்னால நான் திரும்பவும் தலைகுனியோணுமோ? குடிக்கிறது பாவமெண்டா முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே! ஒண்டுமறியாத அந்தப் பெடியனோட போய்ச் சண்டை பிடிச்சனே! போதும். இண்டைக்கே வாளி, குழாய், போத்தில் எல்லாத்தையும் வித்துத் துலைக்கிறன்."

"ஐயோ, விக்கிறதோ?" மக்டலீன் பதறி எழுந்தாள். "வேண்டாமப்பா! சத்தியமா வேண்டாம்!"

அவள் லெஸ்லியின் கதவுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். கிட்ட வந்து அவருடைய கையைப் பிடித்தாள். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியது.

"அண்ணைக்குக் கடையில வாங்கிக் குடுங்கோ. எனக்கு அந்த வாழைப்பழ வாசம் இல்லாட்டி இறங்காது!"