லிங்கம்மாவின் பாய்

கொல்லையில் பாயை விரித்துப் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றினாள் டோரதி. பாய், தலையணை, ஒரு பழைய கம்பளி. மூன்றும் வேலைக்காரி லிங்கம்மாவுடையவை. அவளைக் கேட்டா கொளுத்த வேண்டும்? குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

ஐந்து மாதமாகத் தன் வயிறு எரிந்ததற்கு இது ஒன்றும் அதிகமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஐந்து வயது ஜேனுக்கு க்ஷயம் என்று டாக்டர் சொன்ன அன்றே, வீட்டில் இருமுகிறவள் யார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இன்று குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. அதற்குள் லிங்கம்மாவின் சுவடே இங்கே இருக்கக் கூடாது.

லிங்கம்மா துணிமூட்டையோடு கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள்.

"அடுப்புப் புகைக்கு இருமறனுங்க அம்மாவ்ரே. எனக்கு நோவு ஒண்ணுமில்லீங்க."

"எனக்கே கதை சொல்றியா? அவ உன் மடியிலதானே தூங்குவா. அப்படித்தான் ஒட்டியிருக்கு."

"என் கையால ஒரு வாய் சோறு ஊட்ட விட்டிருப்பீங்களா? நீங்கதானே வாய் வச்சுப் பாத்து, ஊதி ஊதி ஊட்டுவீங்க." லிங்கம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். "பாப்பாவை ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறனுங்க. தூரத்துல நின்னுக்கறேன்."

"உன் ஊர் கொள்ளேகால் பஸ் பதினொண்ணரைக்கு. கிளம்பு."

முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினாள் டோரதி. ஏழு வருஷம் மாடாய் உழைத்தவள், குழந்தையைப் பிறந்த நாளிலிருந்து இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அவளை அனுப்ப ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே சுண்ணாம்பு வாசனையும் ஃபினாயில் வாசனையும் மூக்கைத் துளைத்தன. பாத்திரங்களைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தாயிற்று. லிங்கம்மாவின் தனித் தம்ளரை மட்டும் கொதிக்க வைக்க மனம் வராமல் தெருவிலேயே வீசியெறிந்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பைப் போட்டு நாலு தடவை நீவிவிட்டாள்.

புருஷன் ஏசுதாஸ் ரயில்வே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே ஆஸ்பத்திரி வாசலில் ஜட்காவோடு காத்துக் கிடக்கிறார். ஹெல்த் விசிட்டர் சுலோசனா வந்து வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் குழந்தையை அனுப்புவார்களாம்.

இந்த சுலோசனாதான் போன வாரம் வந்து, சளி எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கொரு புட்டி நீட்டியவள். லிங்கம்மா பயந்து முரண்டு பிடித்தாள். "நானே குடுக்கறேன், உனக்கென்ன கேடு?" என்று டோரதி தன் புட்டியை முதலில் நிரப்பிக் கொடுத்த பிறகுதான் அவள் வழிக்கு வந்தாள். ஆனால் ரிசல்ட் வந்துதானா இதெல்லாம் தெரிய வேண்டும்?

பன்னிரண்டு மணிக்கு சுலோசனா வந்தாள். அடுக்களை, கொல்லை, கட்டில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க."

டோரதிக்குப் பெருமை தாளவில்லை. "இனிமே இந்த வீட்டுல ஒரு கிருமி கிடையாது மேடம். கையெழுத்துப் போடுங்க, அவர் அங்கே காத்துட்டிருக்கார்."

சுலோசனா பேனாவை எடுக்கவில்லை. பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்தாள்.

"உக்காருங்க டோரதியம்மா. சாருக்கு ஒண்ணுமில்லை. லிங்கம்மாவுக்கும் ஒண்ணுமில்லை."

மூன்றாவது காகிதத்தை டோரதியின் கையில் வைத்தாள். அதில் டோரதியின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பிடித்துக்கொள்ளக் கட்டிலைத் தேடியவள், விரிப்பின் மேல் கை படுமுன் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்டேயிருந்தா? என் குழந்தைக்கா?"

"இன்னிக்கே நீங்க ஆஸ்பத்திரியில சேரணும். வருஷக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் குழந்தை உங்க பக்கத்துல வரக் கூடாது."

டோரதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்க்க சுலோசனாவுக்கே பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று பேனாவைத் திறந்தாள்.

"கவலைப்படாதீங்க, குழந்தையை இன்னிக்கே அனுப்பிடலாம். அவளைப் பாத்துக்க வீட்டுல ஆள் இருந்தாப் போதும். லிங்கம்மா எங்கே?"