ஒஸ்தாவின் கை

கத்தியை எடுத்ததும் மஸ்தான் ஒஸ்தாவின் கை ஆடியது.

பையன்தான் ஆடுகிறான் என்று முதலில் நினைத்தார். அப்படி நினைக்கத்தான் அவருக்கு விருப்பம். விடியற்காலையில் கிணற்று நீரில் முக்கி எடுத்த பிள்ளை, ஆடினால் நியாயம்தான்.

ஆனால் ரஹீம் வாழைமரத் துண்டின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாய்மாமன் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்து, ஒரு கையால் அவன் கண்ணைப் பொத்தியிருந்தார்.

சுற்றி நின்ற ஆண்கள் ஸலவாத்து ஓத ஆரம்பித்துவிட்டார்கள். சுன்னத்து செய்யும்போது பிள்ளை போடும் கூச்சல் திரைக்குப் பின்னால் இருக்கும் தாய்க்குக் கேட்கக் கூடாது. அதற்காக உரக்க ஓதுவார்கள். வேலை முடிந்து ஒஸ்தா தலையசைத்த பிறகுதான் நிறுத்துவார்கள்.

துணிக்கடை முதலாளி ஜெய்னுலாப்தீன் தவுக்கே போகாத தர்கா எல்லாம் போய்ப் பெற்ற ஒரே பிள்ளை அது. காஜா பெராங் ஊரே அந்த வீட்டில் கூடியிருந்தது. பின்கட்டில் நெய்ச்சோறு தம்மில் கிடந்தது. கூடத்துச் சுவரில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்கும் சேர்த்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

போன மாதம் பக்கத்துச் செங் ஊரில் அவர் சுன்னத்து செய்த ஒரு பையனுக்கு ரத்தம் நிற்கத் தாமதமாகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பையன் இப்போது பட்டம் விட்டுக்கொண்டிருக்கிறான்.

தூக்கம் போனது ஒஸ்தாவுக்குத்தான்.

படுத்தால் கை நினைவுக்கு வரும். நாளை ஆடுமோ என்று தோன்றும். தோன்றிவிட்டால் தூக்கம் வராது. தூங்காத கை காலையில் ஆடும். ஆடிய கையைப் பார்த்துவிட்டால் அடுத்த இரவும் போச்சு.

கவலைப்படாமல் இருந்தால் தூக்கம் வரும் என்றார் மருந்து கொடுக்கும் ஹக்கீம். தூங்கினால் கவலை போகும் என்றாள் மனைவி நஜ்முன்னிசா. இரண்டில் எதை முதலில் செய்வது என்று இருவருமே சொல்லவில்லை.

தூக்கத்தைப் பற்றித்தான் அவர்களிடம் பேசினார். கையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. காப்பிக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். வீட்டில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கை ஆடுகிற ஒஸ்தாவை எவன் கூப்பிடுவான்? பாட்டன் காலத்துத் தொழில் தன்னோடு போயிற்று என்று பேர் வாங்கவா?

மூங்கில் கிட்டியைப் பொருத்தினார். அது சரியாக உட்கார்ந்தது. கத்திதான் ஒரு இடத்தில் நிற்க மறுத்தது.

வழக்கமாக ஒருமுறை ஓதி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இப்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். சிலருக்குக் குரல் கம்மிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

ஒஸ்தா மணிக்கட்டைத் தொடையில் அழுத்திப் பார்த்தார். பிஸ்மி சொன்னார். மூச்சைப் பிடித்தார். கத்தியின் நுனி முன்னைவிட அதிகமாக ஆடியது.

ஒரு நெல்லளவு தப்பினால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஊனம். உயிருக்கே கூட ஆபத்து. அந்தக் கூடத்தில் இது தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்தார்.

செய்துவிடலாம் என்றும் தோன்றியது. கண் மூடித் திறக்கும் நேரம்தானே. இத்தனை பிள்ளைகளுக்குச் செய்த கை, பழகிய வழியில் தானாகப் போய்விடும். அந்த நினைப்பு வந்ததுமே அவருக்குத் தன் மேலேயே பயம் வந்துவிட்டது.

கத்தியை மடித்து விரிப்பில் வைத்தார்.

“என்னால ஆகாது தவுக்கே. தூக்கமில்லாம கை நிக்க மாட்டேங்குது. வேற ஆளப் பாருங்க.”

ஓதல் நின்றது.

அவர் தலை நிமிரவில்லை. யாராவது சிரிப்பார்கள், யாராவது திட்டுவார்கள், நல்ல காரியத்தைக் கெடுத்தான் பாவி என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தார்.

வந்தது அழுகைச் சத்தம். பையனின் தாய் அஸ்மா திரைக்குப் பின்னால், “அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மலாய்க்காரர் எழுந்து வந்தார். புக்கிட் காதில் என்ற ஊரின் தோக் முடிம். அங்கே மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்கிறவர். இவ்வளவு நேரமும் விருந்தாளிகளோடு விருந்தாளியாக ஓதிக்கொண்டிருந்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, துணியில் சுற்றியிருந்த தன் கத்தியை வெளியே எடுத்தார். ஒஸ்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தார்.

மறுபடியும் ஓதினார்கள். ஒருமுறை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரஹீம் வீறிட்டு அழுதான். நல்ல ஆரோக்கியமான அழுகை.

சுவரோரம் ஒதுங்கி நின்ற ஒஸ்தாவிடம் ஜெய்னுலாப்தீன் வந்தார். ஒஸ்தாவுக்கு வரவேண்டிய வெற்றிலைத் தட்டையும் வேட்டியையும் அவரே கையில் கொண்டுவந்தார். ஒஸ்தா அதை வாங்கவில்லை. தோக் முடிம் தயாராகக் கொண்டுவந்திருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, தவுக்கே.”

“செங் விஷயம் காதுக்கு வந்துச்சு. ஆனா எங்க வாப்பாவுக்கும் எனக்கும் சுன்னத்து செஞ்சது உங்க வீட்டுக் கைதானே, ஒஸ்தா. நீங்க வேணாம்னு எந்த வாயால சொல்றது? அந்த ரோசனையில இந்த வீட்டுலயும் யாரும் கண்ண மூடல.”

“நான் வெட்டியிருந்தா?”

ஜெய்னுலாப்தீன் தட்டைச் சுவரோரம் இறக்கி வைத்தார்.

“ஓதிக்கிட்டுத்தான் இருந்திருப்போம்” என்றார்.