ஏரி நடுவே ஒரு கல்

ஏரி நடுவே ஒரு கல். வருஷம் பூராவும் அதில் வெயில் காய்வது ஆமைதான். கார்த்திகை பிறந்தால் போதும், வடக்கேயிருந்து வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கிவிடும்.

“அண்ணே, ரொம்ப தூரத்துலேருந்து வர்றோம். கொஞ்சம் நகருங்க” என்றது ஒரு வாத்து.

ஆமை நகர்ந்தது. அடுத்த வாத்தும் வந்து அதையே சொன்னது. மறுபடியும் நகர்ந்தது. மூன்றாவது வாத்துக்காக நகர்ந்ததில், தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது.

“பொறந்து வளர்ந்த ஏரியில எனக்கு உட்கார இடமில்லையா? உங்களுக்கெல்லாம் கூச்சமே கிடையாதா? நானும் வெளியூர் போறேன்!” என்று கத்தியது.

“சந்தோஷமா போயிட்டு வாங்கண்ணே, கல்லை நாங்க பாத்துக்கறோம்!” என்றன வாத்துகள்.

ஆமை கரையேறி, வயல் வரப்பெல்லாம் கடந்து, பக்கத்துக் குளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தை பிறந்துவிட்டது. அந்தக் குளத்திலும் ஒரு கல் இருந்தது. அதன் மேல் உள்ளூர்த் தவளை ஒன்று கண்ணை மூடிச் சுகமாக உட்கார்ந்திருந்தது.

ஆமை நீந்திப் போய்க் கல்லின் மேல் முன்னங்காலை வைத்தது.

“தம்பி, ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன். கொஞ்சம் நகரு.”