றால் போத்தல்

"என்ன புள்ள, இடம் கிடைச்சிட்டா?" கொழும்பு பஸ்ஸில் வந்து கல்லடியில் இறங்கிய மகள் தவமலரிடம் சின்னத்தங்கம் கேட்டாள்.

"ஓம். விலங்கியல் முதுமாணிக்கு எடுத்திட்டாங்க."

"பிறகேன் அழுறாய்?"

"போகக்குள்ள சென்றியில ஆமிக்காரன் பையைக் கிண்டினான். நேர்முகத்தில காட்டக் கொண்டுபோன வாவி றால் போத்தலைக் கண்டு, 'அச்சாறு' எண்டு சிரிச்சி, திங்க எடுத்துக்கிட்டான். அதில ஊத்தியிருக்கிறது போமலின், நஞ்சு எண்டு நான் சொல்லல்ல. சொன்னா மறிச்சிருவான், நேர்முகம் போயிரும்."

"பிறகு?"

"நேர்முகத்தில ஏன் இந்தப் படிப்பு எண்டு கேட்டாங்க. உயிர்களில அக்கறை எண்டு சொன்னன். திரும்பி வரக்குள்ள அவனைச் சென்றியில காணல்லம்மா."

சின்னத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிக்காத புள்ள. மருந்து மணத்துக்கு உன்னைப் புடிச்சிருவானுகள் எண்டு பயந்து, உன்ட றாலைக் கொட்டிப்போட்டு, நான்தான் வினாகிரியில வேற றால் போட்டு வச்சன். நேர்முகத்தில நீ வெக்கப்பட்டிருவாய் எண்டு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல. அவனுக்கு ஒண்டும் ஆகியிருக்காது."

தவமலர் கண்ணைத் துடைக்கவில்லை.

"அவன் எடுக்கக்குள்ள அது எனக்குத் தெரியாதேம்மா."