நாற்பது நிமிஷம்

"பேரை மட்டும் சொல்லுங்க சார். எங்க வயித்துல அடிச்சது யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

மேஸ்திரி கேட்டது நியாயம்தான். அவருக்குப் பின்னால், ரயில்வே கூட்ஸ் ஷெட் வாசலில், முப்பத்து நான்கு சுமைக்காரர்கள் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஷெட் குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். ஷெட்டின் பிழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மாதக் கடைசிக்குள் நிலையான சரக்கு ஒன்றாவது பிடிக்காவிட்டால் ஷெட்டை மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. குமாஸ்தா செருப்புத் தேய அலைந்து, பாட்டில் தொழிற்சாலை மேனேஜரை ஒரே ஒரு வெள்ளோட்டத்துக்குச் சம்மதிக்க வைத்தார். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் பத்து வேகன் கண்ணாடி பாட்டில், மருந்துக் கம்பெனி இருக்கிற ஊருக்கு மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு வருஷ ஒப்பந்தம். சேராவிட்டால் பழையபடி லாரி.

சுமைக்காரர்கள் பெட்டிகளைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி ஏற்றினார்கள். வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பத்தரை மணிக்கு, இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்த மகள், பாசஞ்சர் நடுவழியில் அரை மணியாக நிற்கிறது என்று போனில் அழுதாள். அதை ஒரு போனில் சரிசெய்ததைத் தவிர, அன்று முழுக்கக் குமாஸ்தாவுக்கு பாட்டில் நினைப்புதான். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

கூட்ஸ் போய்ச் சேர்ந்தது இரண்டு நாற்பதுக்கு.

போனில் மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"ஒரு பாட்டில்கூட உடையல சார், அதுக்கு நன்றி. ஆனா அங்க மெஷின் நாற்பது நிமிஷம் சும்மா நின்னுபோச்சு. லாரின்னா டிரைவரைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கலாம். ரயில்ல நான் யாரைப் போய்க் கேக்கறது?"

போனை வைத்தபோது மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. நேரத்துக்குப் போய்விட்டாளாம், வேலையும் கிடைத்துவிட்டதாம். மூன்று வருஷமாக வீடே காத்திருந்த செய்தி. அதற்குச் சந்தோஷப்படக்கூட அவரால் முடியவில்லை.

ரயில்வேயில் கூட்ஸ் என்றால் மாற்றாந்தாய்ப் பிள்ளை. எந்த வண்டி வந்தாலும் அதைத்தான் ஓரங்கட்டி நிறுத்துவார்கள். 'இந்தப் புத்தி மாறாதவரைக்கும் லாரியை ஜெயிக்கவே முடியாது' என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசியவர் குமாஸ்தா. இப்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் புகார் எழுதினார். சரக்கு வண்டியை நிறுத்தியவர் மீது கடும் நடவடிக்கை வேண்டும் என்று முடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டார். முப்பத்து நான்கு பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எந்த வண்டி ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் கன்ட்ரோலர். குமாஸ்தாவோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்த சிநேகிதர். அவருக்கே போன் போட்டார். மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என் கூட்ஸை எதுக்குடா நிறுத்தினே? ஒரு மாசமா உன் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேனே."

"நீ கெஞ்சினேன்னுதான் அதுக்கு வழிவிட்டு பாசஞ்சரைப் பின்னாடி நிறுத்தி வெச்சேன். இருபது வருஷ சர்வீஸ்ல நான் அப்படிப் பண்ணினதே இல்லை."

"அப்புறம் ஏன் லேட்டாச்சு?"

கன்ட்ரோலர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பத்தரை மணிக்கு ஒருத்தர் போன் பண்ணி பாசஞ்சரை உடனே விடச் சொன்னார். முன்னாடி கூட்ஸ் போயிட்டிருக்குன்னேன். எந்த கூட்ஸ்னு சொல்ல வாயெடுத்தேன், அவர் கேக்கல. சரி, தெரிஞ்சுதான் சொல்றார்னு கூட்ஸை ஓரங்கட்டிட்டேன். நம்ம பொண்ணு அழுதான்னா நானும் என்ன பண்ணுவேன், சொல்லு."

குமாஸ்தா ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"நான்... நான் என்ன சொன்னேன்?"

"'கூட்ஸ்தானே, நிக்கட்டும்'னே."

போனை எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மேஜை மேல் புகார்த் தாள் கிடந்தது. முப்பத்து நான்கு கையெழுத்து, மேலே ஒரு காலி இடம்.

ஜன்னல் வழியாக மேஸ்திரி பேனாவை நீட்டினார்.

"பேரு கிடைச்சுதா சார்?"