ஒரு மீட்டர் தள்ளி

கணவனும் மனைவியுமாகத் தட்டை ஸ்பீக்கர் செய்கிறவர்கள். பட்டறையில் இனி ஒரே மாடல்தான். அவர் செய்ததா, அவள் செய்ததா என்பது அன்று காலை தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி சத்தத்தை அளக்கும் டெசிபல் மீட்டரைப் பிடித்தாள். அவருடையது எண்பத்துநான்கு. அவளுடையது எண்பத்தேழு.

"பாத்தீங்களா? என் பொண்ணு ஜெயிச்சுட்டா," என்று தன் ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தாள்.

"ரெண்டு மீட்டர்ல எடு, பாப்போம்," என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

பின்னால் நகர்ந்தாள். அவருடையது முறையாகக் குறைந்தது. அவளுடையது எண்பத்தேழிலேயே நின்றது. மூன்று மீட்டரிலும் அதேதான். வேறு டெசிபல் மீட்டரை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது.

"ஆம்ப்ளிஃபயரை அணைங்க."

அணைத்தார். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மீட்டரில் எண்பத்தேழு.

"விட்டுடு, வா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

அவள் விடுகிற ஆளில்லை. மீட்டரும் கைப்பையுமாகத் தெருவில் இறங்கி முக்குவரை நடந்தாள். ஈ காக்கை இல்லை. எண்பத்தேழு.

இந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. எண் குறையவில்லை என்றால் தூரமும் கூடவில்லை. சத்தம் கொடுப்பது எதுவோ, அது இன்னும் ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

கைப்பையிலிருந்து துணி அளக்கும் டேப்பை எடுத்தாள். நூறாவது சென்டிமீட்டரில் விரலை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே நுனியைப் பின்பக்கம் வீசினாள்.

"பிடி," என்றாள்.

நுனி கீழே விழவில்லை.