வெள்ளித் தட்டும் ஒரு பையும்

"அக்கா, அந்தம்மா மறுபடியும் வந்திருக்காங்க," என்றேன் மியூசியத்தில் என்னோடு காவலுக்கு நிற்பவரிடம். "பீங்கான் ஜாடி, கண்ணாடிக் கோப்பை எதையும் திரும்பிப் பார்க்கலை. தினமும் அந்த வெள்ளித் தட்டு முன்னாடியே நிக்கிறாங்க."

"வயசானவங்க. விடு தம்பி."

விடுவேனா? போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் நகரவில்லை. தட்டை இன்னும் உற்றுப் பார்த்தார்.

கிளம்பும்போது வழிமறித்தேன்.

"பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா."

காட்டினார். ஒரு குடை மட்டும்தான் இருந்தது.

"தினமும் இங்க என்ன வேலை?"

"வீட்டுக்குள்ள ஒண்ணைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி நல்லாப் பார்க்கணும் இல்லையா?"

"இங்க எதுவும் விலைக்கு இல்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

அன்று மாலை, நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பெண், தன் அம்மாவிடம் பேச என்னை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துப்போனாள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஆடு திருடியவனைப் போல விழித்தேன்.

"பளபளன்னு துடைச்சு வச்சிருக்கீங்க. பின்னாடி நிக்கிறவங்க முகம் அந்தத் தட்டுல அப்படியே தெரியுது," என்றார்.

பிறகு என் கையிலிருந்த பழப் பையைப் பார்த்தார்.

"அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க, மாப்பிள்ளை."